தொண்ணூறு

கொழும்பு இரவு பஸ்ஸின் வயிற்றில்
முந்தின நாள் கருவாட்டுப் பெட்டி போன இடத்தில்
வியாழக்கிழமை வந்திறங்கும் கட்டு.
தெய்வேந்திரம் கடையில் சணலை அறுக்கும்போது
பிள்ளைகளுக்குப் பின்னால் நானும் நிற்பேன்.
இருநூற்றெண்பது ரூபாய்.
எழுதியவளுக்கு இலவசப் பிரதி இல்லை.

எழுதியவள் என்றால்,
படம் எங்கோ வரைந்தது,
கதை சனி பின்னேரம் டிவியில் குதிக்கிற
அதே ஆழ்கடல் இயந்திரப் படை.
நான் குமிழிகளுக்குள் தமிழை இறக்குபவள்.
பக்கத்துக்கு நூற்றைம்பது.
குமிழிகள் சின்னன்,
வேறு யாரோ பேச அளந்து ஊதியவை.
"பின்வாங்குங்கள்!" உள்ளே போகாது.
"ஓடு!" போகும்.
ஆகையால் என் தளபதிகள்
கறி கருகின வீட்டில் கதைப்பதுபோல்
கதைக்கிறார்கள்.

அட்டைகளுக்கும் நான்தான் பெயர்.
இருபத்தேழாவது வாய்க்குள் நுழையவில்லை.
நீண்ட வால், விரித்த செட்டை, தட்டை உடம்பு,
மீன் சந்தையில் தினமும் பார்க்கிற முகம்.
திருக்கன் என்று வைத்தேன்.
வலிமை தொள்ளாயிரம்.
அன்றிரவு உவர்மலையில் கரண்ட் போய்
மடிக்கணினி ஏழு வீதத்தில் மூச்சு வாங்க
அனுப்பிவிட்டுப் படுத்தேன்,
ஒரு பூச்சியம் குறைய.

டச்பே மணலில் சண்டை.
"உன்ர திருக்கன் தொண்ணூறு.
நண்டுக்குஞ்சே நூற்றிருபது!"
"தெனுகவின்ரயப் பார்,
சிங்களப் புத்தகத்தில தொள்ளாயிரம்."
இரண்டு அட்டையும் பக்கத்தில் பக்கத்தில்.
அதே வால். அதே செட்டை.
வெயிலில் கண் கூசும் அதே மினுக்கம்.
கயூரன் தன்னுடையதை நகத்தால் சுரண்டினான்,
மற்றப் பூச்சியம் அடியில் கிடக்குமென்று.

"அடிச்சவன் மறந்திருப்பான்" என்றான் அப்சான்.
"வேணுமெண்டு செய்தது" என்றான் கயூரன்.
தான் அச்சடிக்கவில்லை என்று
தெனுக இரண்டு மொழியிலும் பாதி பாதியாகச் சொன்னான்.
நான் மூன்றடி தள்ளிக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தேன்.
சொல்லியிருக்கலாம்.
தோலை ஊதினேன்.

மின்ஹா செருப்பு நுனியால்
மணலில் கணக்குப் போட்டாள்.
"தொண்ணூறு பத்துத்தரம் தொள்ளாயிரம்.
அப்ப கயூரன்ர திருக்கன்
பத்துத்தரம் செத்து எழும்பலாம்.
தெனுகவின்ர ஒருக்காத்தான்."

அலை வந்து கணக்கை நக்கிப் போனது.
எவரும் மறுக்கவில்லை.
கொஞ்சம் பொறுத்துத் தெனுக
தன் தொள்ளாயிரத்தோடு
ஒரு சுறாவும் சேர்த்து நீட்டினான்,
மாற்றுவாயா என்று.
கயூரன் அட்டையைக் காற்சட்டைக்குள் தள்ளி
மேலே கையை வைத்துக்கொண்டான்.
அடுத்த கிழமை ஜமாலியாவில் ஒரு தொண்ணூறுக்கு
ஏழு அட்டை கேட்டார்களாம்.
கிண்ணியா வான் பிள்ளைகள் ஒன்பது.

அடுத்த இதழில் ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது.
'அட்டை 27இல் 90 என்பதை 900 என வாசிக்கவும்.
தவறுக்கு வருந்துகிறோம்.'
வருந்தியதும் நான்தான், அதற்குக் காசில்லை.
கணக்கில் ஐந்நூறு வெட்டியிருந்தார்கள்.

கயூரன் சத்தமாக வாசித்தான்.
வாசித்து முடித்து மின்ஹாவைப் பார்த்தான்.
"செல்லாது" என்றாள் அவள்,
ஐஸ்பழக் குச்சியை வாயிலிருந்து எடுக்காமல்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று,
கொம்பில் பொலித்தீன் கிழிசல் ஆட,
லஞ்ச்சீட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நெருங்கியது.
அவன் சீட்டை நீட்டினான்.
மோந்தது. மென்றது.
நீலப் பெட்டியொன்று ஹோர்னடிக்க
அவசரமில்லாமல் பஸ் நிலையம் பக்கம் நடந்தது,
வருத்தம் முழுவதையும் வயிற்றில் வைத்துக்கொண்டு.

இப்போது பக்கம் பதினான்கு.
திருக்கன் முதல் தடவையாக விழுகிறான்.
செட்டை முறிந்து எண்ணெய் கொட்டுகிறது.
மூலத்தில் வெறும் அலறல்.
குமிழி சின்னன்.

"ஒண்டு" என்று அடிக்கிறேன்.
போகிறது.